பன்னிரண்டுக்குள் மட்டும்

திருப்பதியிலிருந்து காலையில் சித்தூர் போகிற பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்கார வேண்டும் சார். இடது பக்கம் உட்கார்ந்தால் பூதலப்பட்டு வரைக்கும் வெயில் முகத்தில் அடித்துக்கொண்டே வரும். முதல் தடவை எனக்கு அது தெரியாது. இறங்கும்போது ஒரு பக்கக் கன்னம் மட்டும் கன்றிப்போயிருந்தது. கன்னிகா என்னைப் பார்த்து முதலில் சிரித்தது அதற்காகத்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள், அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தணிக்காரன். தினமும் ரயிலில் ரேணிகுண்டா வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துத் திருப்பதியில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறவன். உங்கள் சித்தூர் மருத்துவமனைக்கு அந்த சாஃப்ட்வேரைச் செய்துகொடுத்தது நாங்கள்தான். நோயாளி மறுபடி எப்போது வர வேண்டும் என்று டாக்டர் சொல்லுகிற தேதியைக் கவுண்டரில் அடிப்பார்கள். அதற்கு முந்தின நாள் அவர் போனுக்கு மெசேஜ் போகும். மறுநாள் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நீங்கள் சர்வரை மாற்றினீர்கள். மாற்றியதிலிருந்து தேதி தகராறு செய்கிறது என்று புகார் வந்தது. எங்கள் மேனேஜர் ரமணா என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நான் போவதற்குள் கவுண்டரில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் எந்தத் தேதி அடித்தாலும் சர்வர் ஏற்றுக்கொள்கிறது, பதின்மூன்று தொடங்கி எதை அடித்தாலும் சிவப்பாகப் பிழை காட்டுகிறது என்று பார்த்துவிட்டார்கள். அதனால் டாக்டர் இருபதாம் தேதி வரச் சொன்னாலும் இவர்கள் கெஞ்சிக் கூத்தாடிப் பன்னிரண்டுக்குள் ஒரு தேதி வாங்கிவிடுவார்கள். ‘பன்னிரண்டுக்குள் மட்டும்’ என்று தெலுங்கில் ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தது. சர்வரை ராகு காலத்தில் வைத்துவிட்டார்கள், அதுதான் பாதி மாதம் வேலை செய்யவில்லை என்று யாரோ சொல்லி, அதன் தலையில் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். சீட்டை எழுதியது கவுண்டரில் இருந்த கன்னிகா. அதை எனக்குப் பெருமையாகக் காட்டினாள்.

‘நாங்களே சரி பண்ணிக்கினோம் சார். நீங்க சும்மாதான் வெயில்ல வந்துக்கினீங்க.’

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எனக்குப் பிழை எது என்று அப்போதே புரிந்துவிட்டது. கவுண்டரில் இருக்கிற அப்ளிகேஷன் நம் வழக்கப்படி நாளை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் எழுதி அனுப்பும். புது சர்வரில் போட்ட டேட்டாபேஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும். ஜூலை இருபது என்று அனுப்பினால், இருபதாவது மாதம் ஏது என்று திருப்பித் தள்ளிவிடும். ஜூலை ஒன்பது என்று அனுப்பினால் தள்ளாது. ஒன்பதாவது மாதம் ஏழாம் தேதி என்று புரிந்துகொண்டு, செப்டம்பர் ஏழு என்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். ஆக, பன்னிரண்டுக்குமேல் இருந்தவைதான் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்த தேதிகள். நல்லபடியாக உள்ளே போகிறது என்று இவர்கள் நம்பிய தேதிகள்தான் தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தன. பிழை காட்டிய நாட்களை விட்டுவிட்டு, அத்தனை நோயாளிகளையும் பிழை தெரியாத நாட்களுக்குள் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். நாளை முதலில் படி, மாதத்தைப் பிறகு படி என்று டேட்டாபேஸுக்குச் சொல்கிற வரி. அன்று மதியமே அதை எழுதிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஏற்கெனவே புரண்டுபோயிருந்த தேதிகளை மட்டும் முதலில் திருப்பிப் போட்டேன். அந்த ஒரு வரியை எழுதப்போன நேரத்தில் கன்னிகா வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு தட்டில் வேர்க்கடலையும் வெல்லமும் வைத்திருந்தாள். வெதுருகுப்பத்தில் அவள் அப்பா விளைவித்த கடலை.

‘முடிஞ்சிடுச்சா சார்? இனிமே வர வேணாமா?’

ஒரு பெண் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். ஆனால் இனி வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் இருக்கிறது, கொஞ்சம் சிக்கலான பிழை, மாதம் ஒரு தடவையாவது வர வேண்டியிருக்கும் என்றேன். ரமணாவிடமும் அதையே சொன்னேன். அவருக்கு நிரல் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது, நம்பிவிட்டார்.

நீங்கள் நினைப்பதுபோல் நான் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து கிளம்புவதற்கு முன்னால், திருப்பதியில் உட்கார்ந்தபடியே, அன்றைக்குச் சித்தூரில் சேர்ந்த தேதிகளை எடுத்து நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிடுவேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல அது ஒரு பழக்கமாகிவிட்டது. காய்ச்சலாகக் கிடந்த நாட்களில்கூட வீட்டிலிருந்து செய்திருக்கிறேன். நான் போக ஆரம்பித்த பிறகு ஒருவருக்குக்கூட மெசேஜ் தவறியதில்லை. பிழை அப்படியே இருந்தது, ஆனால் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொண்டேன். என் வேலை இதைவிட ஒழுங்காக இருந்த காலம் கிடையாது.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. மாதம் ஒருமுறை சித்தூர். வலது பக்க ஜன்னல். கன்னிகா சாரை விட்டுவிட்டு ‘சேகரு’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். மதியத்தில் அவள் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளுவாள். பத்மாவதி என்று அவளுடைய சித்தி ஒருத்தி பெங்களூரில் இருப்பதாகச் சொல்லுவாள், அவ்வளவுதான் சொந்தம். அம்மா அவள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டாள். அவளும் அவள் நைனாவும் மட்டும்தான் வீட்டில். நைனா என்றால் அவர்கள் பக்கத்தில் அப்பா.

அவர் பெயர் வேங்கடாசலம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி செய்துவிட்டு, கடைசிக் காலத்தில் அரசாங்கம் கொடுத்த ஒரு துண்டு நிலத்தில் கடலையும் தக்காளியும் போட்டவர். இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை ஒரு தினுசானது சார், குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அதனால் அடிக்கடி ரத்தம் சோதித்து அளவை மாற்றுவார்கள். அவரும் உங்கள் மருத்துவமனைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

நான் போகிற நாளும் அவர் வருகிற நாளும் சில சமயம் ஒன்றாக அமையும். என்னைக் கண்டால் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். நான் உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்.

‘இன்னா கம்ப்யூட்டரு, துன்னியா?’ என்பார். அதுதான் அவர் எனக்கு வைத்த பெயர். சாப்பிட்டேன் என்று சொன்னாலும் துண்டில் முடிந்து வைத்திருக்கும் மாம்பழத்தையோ வெல்லத்தையோ கையில் திணிப்பார். சர்வர் மாற்றிய புதிதில், நான் வருவதற்கு முன்னால், அவரைக் கவுண்டரில் ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைய பட்டியலில் பெயர் இல்லை, மெசேஜ் வந்தால்தான் வர வேண்டும் என்று. வெதுருகுப்பத்திலிருந்து பஸ் மாறி வந்தவர், கூட்டத்துக்கு நடுவில் பெற்ற மகள் முன்னாலேயே திரும்பிப் போனார். அந்த அவமானம் அவருக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து மெசேஜ் வந்தால் மட்டுமே கிளம்புவார். படிக்கத் தெரியாது. போன் சத்தம் போட்டால் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது காட்டிக் கேட்பார்.

‘எங்க ஊட்டுத் தேதியெல்லாம் உன் கையிலதான் கீது தம்பி’ என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் என்னை மிகவும் மதித்தார். என் அப்பாகூட என்னை அவ்வளவு மதித்ததில்லை.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். வடமாலபேட்டையிலிருந்து அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது அவர்தான், இருந்தாலும் அவர்மேல் வருத்தம் இல்லை. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை தேடத்தானே செய்வார்? பையன் பெயர் கோபிகிருஷ்ணன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பார்க்க நன்றாக இருப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். மாதாமாதம் ஒருவன் வெயிலில் பஸ் ஏறி வருகிறான், அவள் தருகிற பாதிச் சோற்றைச் சாப்பிடுகிறான், இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? நிச்சயம் முடிந்த பிறகு அவள் எனக்கு ஜிலேபி எடுத்துவைத்திருந்தாள்.

‘ஆவணியில கல்யாணம் சேகரு. அவங்க ஊட்ல வேலைய வுட்டுடச் சொல்லிக்கினாங்க. நீதான் இனிமே இந்த மிஷினோட மல்லுக்கட்டணும்’ என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு. அந்த ஜிலேபியை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் இடம் பார்த்து உட்காரத் தோன்றவில்லை, நின்றுகொண்டே திருப்பதி வந்து சேர்ந்தேன். நெஞ்சு உடைவது என்று எழுதுகிறார்களே, எனக்கு அப்படி எதுவும் உடையவில்லை. நெஞ்சுக்குள் எதையோ வைத்து அழுத்தியதுபோல இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் தொடக்கத்தில் அவள் வேலையை விட்டாள். அவள் இடத்தில் சபீனா என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், புதிது, மானிட்டரில் இருந்த சீட்டைப் படித்து அப்படியே நடந்துகொண்டாள். கன்னிகாவிடமிருந்து போன் நின்றுவிட்டது. முன்பெல்லாம் பிழைக்காகக் கூப்பிடுவாள், இப்போது பிழையே அவளுடையது இல்லையே.

ஜூலை இரண்டாம் தேதி வேங்கடாசலம் சோதனைக்கு வந்தார். கூட யாரும் இல்லை. ரத்தம் உறைகிற தன்மை அதிகமாகிவிட்டது என்று டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஒரு வாரம் கழித்து, ஒன்பதாம் தேதி, கட்டாயம் மறுபடி ரத்தம் சோதித்து அளவைக் குறைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். அவரிடம் மெசேஜ் வரும், வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். சபீனா தேதியை அடித்தாள். டேட்டாபேஸ் வழக்கம்போல அதைச் செப்டம்பர் ஏழு என்று எடுத்துக்கொண்டது.

மூன்று நாள் கழித்துக் கன்னிகா எனக்குப் போன் செய்தாள். அந்தப் பெயர் திரையில் வந்ததும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

‘சேகரு, ஒரு ஒத்தாசை. நைனாவுக்கு மாத்திர கூட்டிக்கீறாங்களாம். எப்ப வரச் சொன்னாங்கன்னு கேட்டா மெசேஜ் வரும், மெசேஜ் வரும்னு அதையே சொல்லிக்கினு கீறாரு. உன் மிஷின்ல பாத்துச் சொல்லேன்.’

பார்த்தேன். செப்டம்பர் ஏழு என்று இருந்தது. செப்டம்பர் ஏழு என்று சொன்னேன்.

‘அப்ப கல்யாணத்துக்கு அப்புறம்தான். அப்பாடா’ என்றாள். பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், ஆண் குரல். வைத்துவிட்டாள்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் சார், நான் பொய் சொல்லவில்லை. அவள் என் மிஷினில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இருந்ததைச் சொன்னேன்.

என் யோசனை இதுதான். எட்டாம் தேதி காலையில் அவளுக்குப் போன் செய்வேன். கன்னிகா, தேதியில் ஒரு பிழை இருந்தது, யாரும் கவனிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன், நாளைக்கே நைனாவை அழைத்துக்கொண்டு வா, நானும் சித்தூர் வருகிறேன் என்பேன். அவள் பதறுவாள். பிறகு நன்றி சொல்லுவாள். ஸ்ரீசிட்டிக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று ஒரு நிமிஷமாவது அவளுக்குத் தோன்றும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது. அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

எட்டாம் தேதி போன் செய்தேன். அவள் துண்டித்துவிட்டாள். உடனே ஒரு மெசேஜ் வந்தது. அவனோடு நகரியில் புடவை எடுத்துக்கொண்டிருக்கிறாளாம், தானே கூப்பிடுகிறாளாம். சரி, கூப்பிடட்டும் என்று இருந்தேன். விஷயத்தை மெசேஜாக அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். நான்கு வார்த்தையில் எழுதி அனுப்பிவிட்டால், அவள் அதைப் புடவைக் கடையில் நின்றுகொண்டு படித்துவிட்டு ஒரு ‘தேங்க்ஸ்’ போட்டிருப்பாள். கட்டைவிரல் படம் ஒன்று வந்திருக்கும். என்னுடைய ஒரு வருஷத்துக்கு அதுதான் கூலி என்றால் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அவளாகவே கூப்பிட வேண்டும்.

அவள் கூப்பிடவில்லை. கல்யாண வேலையில் மறந்திருப்பாள், அது குற்றமில்லை. ஒன்பதாம் தேதி போயிற்று. தேதி தாண்டிய பிறகு திருத்தினால் ஏன் தாமதம் என்று கேள்வி வரும். அதனால் அதை அப்படியே விட்டேன். விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, காத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் போனைப் பார்ப்பேன். சாயங்காலமானால் மற்றவர்களுடைய தேதிகளைத் திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அவர் இரண்டு வாரமாகப் பல் தேய்க்கும்போது ரத்தம் துப்பினாராம். கையில் இடித்துக்கொண்ட இடமெல்லாம் கறுத்துக் கிடந்ததாம். கன்னிகா பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

‘மெசேஜ் வரலியே கண்ணு. வந்தாப் போலாம். சும்மா போனா திருப்பி அனுப்புவாங்க’ என்றாராம். அவளும் செப்டம்பர் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். இதை அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவரைப் போலவே தலையை ஆட்டிச் சொன்னாள்.

ஆடிக் கிருத்திகை அன்று நான் லீவு. திருத்தணியில் அன்றைக்குத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, காவடிகள் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது எனக்குக் கேட்டது. கன்னிகா.

‘சேகரு, நைனா கடலக் கொல்லியில வுழுந்துட்டாரு. பேச்சு மூச்சில்ல. திருப்பதிக்கு எடுத்துக்கினு போறோம். மூளையில ரத்தம்ன்றாங்க. எனக்கு யாருக்குச் சொல்றதுன்னு தெரியல.’

முதல் போன் எனக்குத்தான். கோபிகிருஷ்ணனுக்கு அதற்குப் பிறகுதான் செய்திருக்கிறாள், நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கூட்டத்தில் நீந்தி ஸ்டேஷனுக்குப் போய் ரயில் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. லேப்டாப்பைத் திறந்து, அவர் பெயருக்கு எதிரில் இருந்த செப்டம்பர் ஏழை ஜூலை ஒன்பது என்று மாற்றினேன். பிறகு அந்த ஒரு வரியையும் எழுதினேன். நாளை முதலில் படி. ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சிக்கலான பிழை என்று நான் சொல்லிவந்தது ரயில் ரேணிகுண்டா சேர்வதற்குள் சரியாகிவிட்டது. அப்போது அவருக்கு உயிர் இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோதும் இருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. துன்னியா என்று கேட்பார்போல இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டார். நான் அழுதேன் சார், நடிக்கவில்லை. நர்ஸ் என்னை மகன் என்று நினைத்துக்கொண்டு என்னிடம்தான் கையெழுத்து வாங்க வந்தாள்.

காரியம் முடிந்த பிறகு சித்தூரில் உங்கள் டாக்டர் திரையைத் திருப்பிக் கன்னிகாவுக்குக் காட்டினார். ஜூலை ஒன்பது, கட்டாயம் ரத்தச் சோதனை. வரவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நீ வேறு தேதி சொன்னாயே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றுகூட இருந்தேன். அவள் கேட்கவில்லை.

‘நீ சரியாத்தான் சொல்லியிருப்ப. கல்யாண அவசரத்துல நான்தான் எதையோ எதையோ நெனச்சிக்கினேன். செப்டம்பர்னு எனக்கு நானே சொல்லிக்கினேன் போல. நைனாவ நானே கொன்னுட்டேன் சேகரு.’

அப்படிச் சொல்லாதே என்றேன். அதைத்தான் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு எதைச் சொன்னாலும் அவள் தாங்கியிருக்க மாட்டாள்.

மெசேஜ் போகவில்லை என்பது உங்கள் விசாரணையில் தெரிந்தது. மெசேஜ் போகாதவர்களுக்குக் கவுண்டரிலிருந்து போன் செய்திருக்க வேண்டும் என்று சபீனாவை வேலையிலிருந்து எடுத்தீர்கள். அது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத்தான் பட்டது. வடமாலபேட்டைக்காரர்கள் நிச்சயம் பண்ணிய கையோடு இழவு விழுந்த வீடு என்று மெல்லப் பின்வாங்கிவிட்டார்கள். கோபிகிருஷ்ணன் கொஞ்சநாள் போன் செய்தான், பிறகு அதுவும் நின்றது. நான் அதற்காகச் சந்தோஷப்படவில்லை.

இப்போது சுஷ்மிதாவுக்கு வருவோம். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண், கெட்டிக்காரி. நான் தினமும் சாயங்காலம் ஓட்டிய திருத்தங்கள் சர்வரில் பதிவாகியிருப்பதை அவள்தான் பார்த்தாள். ஜூலை இரண்டாம் தேதித் திருத்தத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறதே, இது என்ன என்று கேட்டாள். பிறகு ரமணாவிடம் போனாள். பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். இவ்வளவு நேரமாக நீங்கள் கேட்காமல் உட்கார்ந்திருப்பதும் அதைத்தான், எனக்குத் தெரிகிறது.

சொல்கிறேன். ஜூலை இரண்டாம் தேதி சாயங்காலம், வழக்கம்போல அன்றைய தேதிகளை எடுத்தேன். அதில் வேங்கடாசலம், வெதுருகுப்பம் என்று பார்த்தேன். பெயருக்கு அருகிலேயே டாக்டரின் குறிப்பும் இருக்கும். மாத்திரை கூட்டியிருக்கிறது, ஒன்பதாம் தேதி கட்டாயம் வர வேண்டும் என்று இருந்தது. படித்தேன். மூன்று நாள் கழித்து அவள் கேட்டபோது எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நான் எங்கும் சொல்லவில்லையே? அன்று சேர்ந்த எல்லாருடைய தேதியையும் சரிசெய்தேன். இவருடையதை மட்டும் விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். அதுதான் அந்தக் கூடுதல் வரி. கைத்தவறு இல்லை. அவருடைய எண்ணைப் பார்த்து அடித்து, சரிதானா என்று இன்னொருமுறையும் பார்த்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அவள் எனக்குப் போன் செய்து நாளாகிவிட்டது சார். நைனாவுக்குத் தேதி தெரியாவிட்டால் அவள் யாரைக் கேட்பாள்? என்னைத்தான் கேட்பாள். கேட்டாள் அல்லவா?

அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிழை நான் செய்ததில்லை, டேட்டாபேஸ் செய்தது. மாத்திரை நான் கொடுத்ததில்லை. வராதே என்று நான் சொன்னதில்லை. ஒரே ஒரு தேதியைத் தொடாமல் விட்டேன். மற்ற நோயாளிகளை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. போலீஸுக்குப் போவதானாலும் போகலாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கன்னிகாவுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் வெதுருகுப்பம் போய்வருகிறேன். முதலில் அவள் யாரோடும் பேசாமல், போன் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் நைனாவின் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போனில் இன்னும் பணம் போட்டு வைத்திருக்கிறாள். இப்போதுதான் கொஞ்சம் தேறிவருகிறாள். நான் போனால் ஒரு வாய் துன்னுகிறாள். போன வாரம் அவள் நைனாவின் முதல் வருஷத் திதி வருவதைப் பற்றிப் பேச்செடுத்தாள். பஞ்சாங்கம் கையில் இருந்தது. அதைத் திறக்காமலே என்னிடம் நீட்டினாள்.

‘தேதி விஷயத்துல என்ன நானே நம்பறதில்ல சேகரு. நீ பாத்துச் சொல்லு. அதுக்கப்புறம் நம்ம விஷயத்துக்கும் நீயே ஒரு நாள் பாரு.’

பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பையில்தான் இருக்கிறது. இந்த நிலைமையில் யாராவது போய் அவளிடம் எதையாவது சொல்லிவைத்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நீங்களே யோசியுங்கள். அம்மா இல்லை, நைனா இல்லை, கட்டிக்க இருந்தவனும் போய்விட்டான். இப்போது அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.